லரோப்லாவின் கறுப்புப் பேனா

நீபியா முப்பத்தொரு வருஷம் மையோடு மல்லுக்கட்டியவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். பத்தில் மூன்று கோட்டின் பைக்கு அடியில் ஒரு நீலக்குளம் தேங்கியிருக்கும். எந்த மை எலுமிச்சைக்குப் போகும், எது பாலுக்குப் போகும், எது கோட்டுக்காரன் போய்ச் சேர்ந்தாலும் போகாது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறுமாசமே பழைய மைப்பேனாக்களைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தாள் என்றால் லா தெஹா பேட்டையில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

"போலீஸ்காரன் ரிட்டயராகி வீட்டுல திருடனுக்குச் சோறு போட்ட கதையால்ல இருக்கு" என்றான் அவள் புருஷன் வால்தெமார். இருபத்தெட்டு வருஷம் மோந்தெவிதேயோவின் பஸ்களில் கண்டக்டராக இருந்தவன். வாய்க்குக் கேட்கவா வேண்டும்.

"திருடனைத் திருத்திட்டேன்னு வச்சுக்கோயேன், கிழவா."

ஆரம்பம் ஒரு கோட்டில்தான். வேலையின் கடைசி வாரம் ஒரு பையில் பச்சைக் கோடு போட்ட பேனா ஒன்று கிடைத்தது. மேலே வார்டுக்கு அனுப்பினாள். "எங்களுது இல்ல" என்று கீழே வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அதைத் திருப்பிப் பார்த்தாள். உடம்பில் பொடி எழுத்தில் 'ஆர். எச்செகோயென், 1938' என்று வெட்டியிருந்தது. அந்தப் பெயரில் ஆஸ்பத்திரியில் இப்போது யாரும் இல்லை. நீபியாவுக்கு என்னமோ ஆகிவிட்டது. சலவைக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு பெயர்ப்பட்டி தைத்திருக்கும். முப்பத்தொரு வருஷமாகப் பெயர்களைத் துவைத்து, உலர்த்தி, மடித்து மேலே அனுப்பியிருக்கிறாள், முகங்களைப் பார்த்ததில்லை. இந்தப் பெயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் த்ரிஸ்தான் நர்வாஹா சந்தை. காய்கறி, கோழிக்குஞ்சு, உடைந்த வானொலி எல்லாவற்றையும் தாண்டிப் போனால் தெருக்கோடியில் கூர்பேலோ என்பவன் பலகை போட்டு உட்கார்ந்திருப்பான். பேனா, கடிகாரம், மூக்குக்கண்ணாடி விற்பவன்.

"பேரு வெட்டின பேனாவா கேக்குற?" என்று முதல் நாளே அவன் வாயைப் பிளந்தான். "தாயே, சேர்க்கிறவங்க எல்லாம் பேரு இருந்தாத் தொடவே மாட்டாங்க. இன்னொருத்தன் பேரு போட்ட பேனா எவனுக்கு வேணும்?"

"எனக்கு வேணும். எடுத்துப் போடு."

ஜூலைக்குள் பதினொன்று சேர்ந்தன. பழைய டாக்டர் கோட்டு ஒன்றை வெட்டி, பதினொரு நீளப் பை வைத்து, சுருட்டிக் கட்டுகிற மாதிரி உறை தைத்தாள். ஒவ்வொரு பைக்கும் பெயர்ப்பட்டி. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் மேசையில் விரித்து ஒவ்வொன்றிலும் மை நிரப்பி, முதலில் அதன் சொந்தக்காரரின் பெயரை எழுதுவாள். எச்செகோயெனின் பேனா கஞ்சன். இழுத்து இழுத்துத்தான் மை விடும். 'தோரா, 1941' வாயாடி. தாளில் வைத்தால் நிறுத்தாது. வால்தெமாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தோரா இன்னைக்கு என்ன சொல்றா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். அந்த வீட்டில் அத்தனை சந்தோஷமான ஞாயிறுகள் அதற்கு முன் இருந்ததில்லை என்றே சொல்லவேண்டும்.

சந்தோஷத்துக்கு நடுவில்தான் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தாள்.

நீபியாவின் மகள் யானினாவுக்கும் கஸ்தோன் என்ற பையனுக்கும் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் என்று முடிவாகியிருந்தது. பையனின் அம்மா மத்தில்தே லரோப்லா, கடற்கரைப் பக்கம் போசீத்தோஸில் இருக்கிற நோட்டரி. அவள் அப்பாவும் நோட்டரி. மத்தில்தேயின் சிரிப்புகூட முத்திரைத்தாளில் கையெழுத்தாகி, சாட்சி போட்டு, அதற்கப்புறம்தான் வெளியே வரும் என்பது வால்தெமாரின் கட்சி. நிச்சயத்தன்று வந்து ஒரு பிஸ்கோத்தை மூன்றாகக் கடித்துவிட்டுப் போனவள், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் நின்றாள்.

"உள்ள வாங்க சம்பந்தியம்மா. குடிக்கச் சூடா மாத்தே போட்டுத் தரவா?"

"வேண்டாங்க. உக்கார நேரமில்ல." கைப்பையிலிருந்து வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "யானினா சொன்னா, நீங்க பழைய பேனாவெல்லாம் எழுத வைக்கிறீங்களாம்."

"ஏதோ, கழுவி விடுவேன். அவ்வளவுதான்."

பெட்டிக்குள் ஒரு பேனா படுத்திருந்தது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. மூடியில் மெல்லிய தங்க வளையம்.

"எங்கப்பாவோடது. அவரு போயி இருபத்திரண்டு வருஷமாச்சு. கண்ணாடி அலமாரியிலயே இருந்துச்சு. பிள்ளைங்க இதால கையெழுத்துப் போடணும்னு எனக்கு ஆசை. உள்ள மை கட்டிப் போயிருக்கு. சனிக்கிழமை வந்து வாங்கிக்கலாமா?"

"தாராளமா."

"பத்திரம்" என்றாள் மத்தில்தே. வாசல்வரை போனவள் திரும்பி இன்னொரு தடவை "பத்திரம்" என்றாள்.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த யானினா பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா, இதை அவங்க கஸ்தோனையே தொட விட்டதில்ல தெரியுமா? உன்னை நம்பிக் குடுத்திருக்காங்க. ஒழுங்காப் பண்ணிடும்மா. நம்ம வீட்டைப் பத்தி அவங்க நெனைச்சுக்கிட்டிருக்கறது எல்லாம் மாறிடும்."

"என்ன நெனைச்சுக்கிட்டிருக்காங்களாம்?" என்றான் வால்தெமார்.

"விடுப்பா."

பேனாவின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும், தேய்ந்த கோடுகளாக ஒரு பெயர் இருக்கிற மாதிரி நீபியாவுக்குத் தெரிந்தது. கறுப்பில் கறுப்பு, படிக்க முடியவில்லை. அவளுக்கு அன்று சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

புதன்கிழமை காலையில் குளிர் எலும்பைக் கடித்தது. பச்சைத் தண்ணீரில் நிப்பை அரைமணி நேரம் வைத்தாள். ஒரு பொட்டு மை கரையவில்லை. பேனாவின் கழுத்தைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. மேசைமேல் பிளாஸ்க் இருந்தது.

இந்த ஊரில் பிளாஸ்க் கக்கத்தில் இல்லாதவன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் வெளியூர்க்காரன். சுரைக்குடுக்கையில் மாத்தேத் தழையைத் திணித்து, அதற்கு வெந்நீர் ஊற்றி உறிஞ்சிக்கொண்டே பிறந்து, உறிஞ்சிக்கொண்டே சாகிற சனம். அந்தத் தண்ணீரைக் கொதிக்க விடமாட்டார்கள், தழை வெந்துவிடும். கொதிக்கப் போகும் முன்னால் சத்தம் மாறும், அப்போது இறக்கிவிடவேண்டும். மாத்தேக்கு ஆகிற சூடு எதற்கும் ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குழந்தைப் பால் புட்டிக்கு அது, இறுகிய மூடிக்கு அது, மூட்டு வலிக்கு அது. நீபியா ஒரு உயரமான கண்ணாடித் தம்ளரில் பேனாவையும் மூடியையும் போட்டு, முழுசாக முங்கும்படி பிளாஸ்க்கைச் சாய்த்தாள். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி கல்யாணக் கேக்கைப் பற்றிப் பேச வேலியண்டை கூப்பிட்டாள். கேக்குப் பேச்சு முக்கால்மணி நேரம் ஓடியது.

திரும்பி வந்தபோது தம்ளர் முழுக்க நீலம். "கரைஞ்சுடுச்சு! வால்தெமார், கரைஞ்சுடுச்சு!" என்று கத்திக்கொண்டே பேனாவை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வால்தெமார் ஓடி வந்தான். "ஏ கிழவி, இது எது?"

"அவங்க பேனா."

"அவங்களது கறுப்புல்ல?"

"கறுப்பாத்தான் இருந்துச்சு."

குடித்து முடித்துக் கொட்டிய மாத்தேத் தழை என்ன நிறமோ அந்த நிறம். பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. மூடியும் அப்படியே. தங்க வளையம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி மின்னியது.

"சாயம் போயிடுச்சா? சாயத்தைப் பத்தி உனக்குத் தெரியாததா!"

"துணின்னாத் தெரியும்! இது பழைய காலத்துக் கெட்டி ரப்பர். இதுக்குச் சாயம் போகும்னு எவன் கண்டான்?" நீபியா தன் கையை மேசையில் அறைந்தாள். "என் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்."

"கை இருக்கட்டும், கல்யாணத்துக்குச் சமைக்கணும். இரு, யோசிப்போம்." வால்தெமார் எதிரில் உட்கார்ந்து விரலை மடக்கினான். "ஒண்ணு, எப்பவுமே இந்த நிறந்தான்னு சொல்லிடலாம். இருபத்திரண்டு வருஷம் அலமாரிக்குள்ள, இருட்டுல, யாரு பாத்தா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்ற. அவ நோட்டரிடா!"

"சரி. ரெண்டு, பூட்ஸ் பாலிஷ்."

நீபியா அவனை முறைத்தாள். பிறகு எழுந்துபோய் பாலிஷ் டப்பாவை எடுத்துவந்தாள். தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. தேய்த்தாள், காயவைத்தாள், மறுபடி தேய்த்தாள். பார்வைக்குப் பேனா கறுத்துவிட்டது. வால்தெமார் கைதட்டினான். கையில் எடுத்ததும் பத்து விரலும் கறுப்பு. திட்டிக்கொண்டே அத்தனையையும் பழந்துணியால் வழித்துத் துடைத்தாள்.

துடைத்தவள் கை நின்றது. வெளுத்த உடம்பின் நடுவில், வெட்டுக்குள் மட்டும் பாலிஷ் தங்கி, அச்சடித்த மாதிரி கறுகறுவென்று ஒரு பெயர் எழுந்து நின்றது. அனீபல் லரோப்லா.

வியாழக்கிழமை கூர்பேலோவுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கூர்பேலோ? இருக்கியா?"

"வெந்நீருன்னா... பிளாஸ்க் தண்ணியா?"

"ஆமா."

சிரித்தான் பாருங்கள், போனைக் காதிலிருந்து எடுக்கவேண்டியதாகிவிட்டது. "அடி தாயே! எங்கிட்ட மூணு இருக்கு, அதே நிறத்துல! எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருகிட்ட ரெண்டு. இந்த ஊர்ல பேனா சேர்க்கிற எவன் வீட்டு மேசை டிராயரைத் திறந்தாலும் இப்படி வெந்த பேனா ஒண்ணு ஒளிஞ்சுகிட்டிருக்கும். வெளியில சொல்ல மாட்டாங்க. இத்தனை நாள் நீ பேனா வாங்கினே. இன்னையோட எங்க ஆளு."

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே. இதுக்கு வழி சொல்லு."

"வழி இருக்கு. நிறம் போனது மேல்தோல்தான், உள்ள கறுப்பு அப்படியே இருக்கும். கொண்டா, பொடி உப்புத்தாள் போட்டுச் சுரண்டித் தர்றேன். சனிக்கிழமைக்குள்ள கன்னங்கரேல்னு ஆயிடும்."

நீபியாவுக்கு உயிர் வந்தது. "நெசமாவா?"

"நெசந்தான். பேரு மட்டும் போயிடும். அதான் ஏற்கெனவே தேஞ்சிருக்குங்கிறியே."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீடு இரண்டுபட்டது. யானினா சூப்பைத் தொடவில்லை. "சுரண்டச் சொல்லும்மா! கறுப்பா இருந்தாப் போதும். பேரை யாரு பாக்கப் போறாங்க? அதுல பேரு இருக்குன்னே அவங்க சொன்னதில்லையே."

"இருக்கே."

"இருந்தா? நான் வாழ்க்கைப்பட்டுப் போறது அவங்க குடும்பத்துக்கு. ஆயுசு முழுக்க 'உங்கம்மா எங்கப்பா பேனாவை மாத்தேத் தண்ணியில அவிச்சவதானே'ன்னு கேக்கணுமா நான்?"

வால்தெமார் மகள் பக்கமும் பார்த்தான், பெண்டாட்டி பக்கமும் பார்த்தான். கண்டக்டராக இருந்தவனுக்கு இரண்டு பயணிகள் சண்டை போட்டால் வெளியே பார்க்கத் தெரியும். ஜன்னலைப் பார்த்தான்.

"யானினா, கேளு" என்றாள் நீபியா. "முப்பத்தொரு வருஷத்துல நான் எத்தனையோ கோட்டைக் கெடுத்திருக்கேன். மஞ்சளாக்கியிருக்கேன், சுருங்க வச்சிருக்கேன். பேருப்பட்டியை மட்டும் ஒருநாளும் பிச்சதில்ல. பிச்சுட்டா அந்தத் துணி யாருதுன்னே தெரியாமப் போயிடும். நிறம் போனதுக்கு நான் திட்டு வாங்கிக்கிறேன். பேரைச் சுரண்ட மாட்டேன்."

"திட்டு உனக்கு இல்லம்மா. எனக்கு."

மகள் சொன்னது உண்மை என்று தெரிந்ததால் நீபியாவுக்கு இன்னும் வலித்தது. யானினா எழுந்து அறைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாந்தா ரோசா மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டு முடிவில் வருஷா வருஷம் வந்து குளிர்காலத்தை அடித்து விரட்டுகிற புயல்மழை. மழை பெய்தால் இந்த நாட்டில் அடுப்பு சும்மா இருக்காது. தெரு முழுக்க மாட்டுக்கொழுப்பு உருகும் வாசனை. வால்தெமாரும் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, பொரித்துப் பொரித்துப் பழுப்புத் தாளின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு மத்தில்தே வந்தாள். குடை மடங்கிப் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. தலையிலிருந்து செருப்புவரை சொட்டச் சொட்ட நின்றவளை முன்னறைக்குக் கூட்டிப்போக முடியாமல், அடுப்பண்டை கொண்டுவந்து உட்காரவைத்து, தோளில் துண்டைப் போர்த்தினார்கள். யானினா சுவரோடு சுவராக நின்றாள்.

"சம்பந்தியம்மா, சூடா ஒரு ரொட்டி" என்றான் வால்தெமார்.

"இல்லைங்க, பேனாவை வாங்கிக்கிட்டு..."

நீபியா வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்து எதிரில் வைத்துத் திறந்தாள். முன்னுரை எதுவும் அவளுக்கு வரவில்லை. "கறுப்பா இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன். மை கரையலைன்னு பிளாஸ்க் தண்ணியில போட்டேன். இந்த ரப்பருக்குச் சுடுதண்ணி ஆகாதுன்னு எனக்குத் தெரியல. சுரண்டினா பழைய நிறம் வரும்னாங்க, ஆனா உங்கப்பா பேரு போயிடுமாம். அதான் விட்டுட்டேன். யானினா சுரண்டத்தான் சொன்னா. விட்டது நான். என்ன சொல்றதுன்னாலும் என்னைச் சொல்லுங்க."

வாணலியில் ஒரு ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, யாரும் திருப்பவில்லை.

மத்தில்தே கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பெட்டியின்மேல் குனிந்து பார்த்தாள். கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டிப் பேனாவை எடுத்தாள்.

"அனீபல் லரோப்லா" என்று எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி வாசித்தாள். "பேரு வெட்டியிருக்குன்னு அம்மா சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. அப்பா கிட்ட விட்டாத்தானே?"

"உங்களையா?" என்றாள் யானினா, தன்னை அறியாமல்.

"எனக்கு ஏழு வயசு. அவரு சாப்பிடப் போயிருந்தப்ப மேசையில கிடந்துச்சு. மூடியைத் திறக்கக்கூட இல்லம்மா, தொட்டேன், அவ்வளவுதான். பின்னாடி நின்னுகிட்டிருந்தாரு. ரூல் தடியாலயே கையில ஒண்ணு வச்சாரு. 'இன்னொருவாட்டி தொட்டா விரலு கறுத்துப்போயிடும்'னாரு." மத்தில்தே பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு செத்ததுக்கப்புறமும் நான் இதைத் தொட்டதில்ல. கைக்குட்டையால பிடிச்சுத்தான் பெட்டியில வச்சேன். செவ்வாக்கிழமை பெட்டியோடதான் குடுத்தேன், பாத்தீங்கல்ல?"

சொல்லிவிட்டுப் பேனாவை இடது கைக்கு மாற்றினாள். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுப்பாக இருந்தன.

"ஐயையோ, பாலிஷ்" என்று நீபியா பதறினாள். "எழுத்துக்குள்ள தங்கினது, எத்தனை துடைச்சும்... இந்தாங்க, துணி இந்தாங்க."

மத்தில்தே துணியை வாங்கவில்லை. விரல்களை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் யானினா பயந்து ஓடிவந்தாள். சிரிப்பு. முத்திரை இல்லை, சாட்சி இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழும்படியான சிரிப்பு. "சொன்னாரே! சொன்ன மாதிரியே கறுத்துடுச்சே!" என்றாள். அவ்வளவுதான், வால்தெமார் கரண்டியோடு வெடித்துவிட்டான். நீபியாவுக்கு மூன்று நாள் பயமெல்லாம் கண்ணீராகவும் சிரிப்பாகவும் சேர்ந்து கொட்டியது. யானினா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூச்சு வாங்கி நிதானத்துக்கு வந்ததும் மத்தில்தே கேட்டாள். "எழுதுமா?"

"எழுதுங்க. வெண்ணெய் மாதிரி எழுதும். நேத்து மை போட்டு வச்சேன்."

தாள் தேடினார்கள். கைக்கு எட்டினது ரொட்டி அடுக்கிய பழுப்புத் தாள்தான். கொழுப்புப் படாத மூலையாகப் பார்த்துக் கிழித்துக் கொடுத்தாள் நீபியா. மத்தில்தே மூடியைத் திருகித் திறந்து, பத்திரங்களில் கையெழுத்துப் போடுகிற தோரணையில் முழங்கையை ஊன்றினாள். நிப்பு தாளைத் தொட்டதும் மை தயங்காமல் வந்தது. ஒரு வரி எழுதினாள். தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. கடைசியில் தன் பெயரைப் போட்டு நோட்டரிக் கையெழுத்தின் சுழியை இழுத்து முடித்து, தாளை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிவைத்தாள்.

'அப்பா, தொட்டுட்டேன்.'

மத்தில்தே முதல் தடவையாக அந்த வீட்டு ரொட்டியை எடுத்து, அதே கறுப்பு விரல்களால் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். பிறகு பேனாவை நீபியாவிடம் நீட்டினாள். நீபியா தன் பெயரை எழுதி யானினாவிடம் கொடுத்தாள். யானினா எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

வால்தெமார் இரண்டு கையிலும் மாவும் கொழுப்புமாக அடுப்பண்டை நின்றுகொண்டிருந்தான். "இருங்க இருங்க, கையைத் துடைச்சுட்டு வந்துடுறேன்" என்று துண்டைத் தேடினான்.

"துடைக்க வேணாம்" என்றாள் மத்தில்தே. "அப்படியே வாங்க."